செம்மண்ணில் ஓடும் டீசல் பிக்கப்புக்கு இன்ஜின் ஆயில் நாமே மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

ஆயில் மாற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் போதும், சாமான்களும் நாலைந்துதான். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் வரிசை தப்பித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய ஆயிலை முழுக்க இறக்கிய பிறகு பில்டர் பெட்டியைப் பிரிப்பார்கள், அது வேறு மாடலுக்கு உரியதாக இருக்கும். மாற்றி வாங்கிவரக் காரைக்குடிக்குப் போக வேண்டும், போவதற்கான வண்டியோ ஆயில் இல்லாமல் வாசலில் நிற்கும். கீழே உள்ள வரிசை அந்த நிலை வராமல் இருக்கப் போட்டது. படிகளை இடம் மாற்றாதீர்கள்.

பொலிரோ பிக்கப், தோஸ்த், யோதா, இன்ட்ரா என எந்த டீசல் பிக்கப்புக்கும் வேலை ஒன்றுதான். அளவும் பில்டர் இருக்கும் இடமும்தான் மாறும். வண்டி வாரண்டியில் இருந்தால் நீங்களே மாற்றுவது வாரண்டியைப் பாதிக்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

1. வண்டிப் புத்தகத்தில் பார்க்க வேண்டியவை

ஆயிலின் தடிப்பு எண், அதன் தர எழுத்து, பில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் அல்லது மாதத்துக்கு ஒருமுறை. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பழைய டீசல் பிக்கப்புகளில் பெரும்பாலும் 15டபிள்யூ-40 போட்டிருக்கும், தரம் சிஎச்-4 அல்லது சிஐ-4 பிளஸ். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் வேறு சாதி. அவற்றின் சைலன்சர் வரிசையில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சாதாரண ஆயில் எரியும்போது மிஞ்சும் சாம்பல் அதில் போய் அடைத்துக்கொள்ளும். கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. அதனால் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். புத்தகம் சிகே-4 என்றோ சி3 என்றோ சொன்னால் அதே எழுத்து கேனில் இருக்க வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தடிச்ச ஆயில் போட்டாத்தான் நிக்கும்" என்ற பேச்சை நம்பிப் புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று இருக்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் உண்டு. இன்ஜினுக்குள் ஆயில் ஓடும் துவாரங்களும் பேரிங் இடைவெளியும் குறிப்பிட்ட தடிப்புக்கு அளந்து வைத்தவை. தடித்த ஆயில் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மேலே ஏறிச் சேரத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் தேய்மானம் கூடும்.

கிலோமீட்டர் கணக்கிலும் ஒரு விஷயம். புத்தகத்தில் போட்டிருக்கும் பெரிய எண் நல்ல சாலையில் சீராக ஓடும் வண்டிக்கு. ஆத்தங்குடியில் டைல்ஸ் ஏற்றி முழுச் சுமையோடு போகிறது, புதுவயல் அரிசி ஆலை வாசலில் இன்ஜின் அணைக்காமல் வரிசையில் நிற்கிறது, மீதி நேரம் கண்மாய்க் கரைச் செம்மண்ணில் ஓடுகிறது என்றால் அது கடின உபயோகம். புத்தகத்தில் அதற்குத் தனி வரி இருக்கும், அந்தச் சிறிய எண்ணைப் பின்பற்றுங்கள். கிலோமீட்டர் முடியாவிட்டாலும் மாதக் கணக்கு முடிந்தால் மாற்ற வேண்டும்.

2. வாங்கி வைக்க வேண்டியவை

- புத்தகம் சொன்ன அளவை விட ஒரு லிட்டர் கூடுதலாக ஆயில். 2.5 லிட்டர் இன்ஜின் பிக்கப்புகள் பொதுவாக ஆறு, ஏழு லிட்டர் குடிக்கும். சிறிய வண்டிகளுக்கு அதைவிடக் குறைவு.
- உங்கள் வண்டி எண்ணையும் வருடத்தையும் சொல்லி வாங்கிய ஆயில் பில்டர்.
- பழைய ஆயிலை இறக்கத் திறக்கும் டிரெயின் நட்டுக்குப் புது வாஷர். விலை சொற்பம், மறந்துபோவதும் இதுதான்.
- நட்டுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட். வண்டிக்கு வண்டி அளவு மாறும், முதல் நாளே போட்டுப் பாருங்கள்.
- பில்டர் ரென்ச், நீளக் கழுத்துப் புனல், பனியன் வேஸ்ட், ரப்பர் கையுறை, கண்ணாடி.
- பத்து லிட்டராவது கொள்ளும் அகலமான, தாழ்ந்த தொட்டி.

தொட்டி பற்றி ஒரு வார்த்தை. பலரும் காலிப் பெயின்ட் வாளியைக் கொண்டுவருவார்கள். உயரமான வாளி வண்டிக்கு அடியில் நுழையாது. நுழைந்தாலும் ஆயில் முதலில் நேராகக் கீழே விழாமல் ஒரு முழம் தள்ளிப் பாயும், வாளியின் வாயில் பிடிக்க முடியாது. இருபது லிட்டர் கேனைப் படுக்கவைத்து ஒரு பக்கத்தை அறுத்தால் நல்ல தொட்டி கிடைக்கும். மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

ஆயில் கேனின் சீல் உடையாமல் இருக்கிறதா, மூடி வளையம் முழுசாக இருக்கிறதா, பாட்ச் எண் அழியாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பழைய கேனில் போலி ஆயில் நிரப்பி விற்கும் பழக்கம் இருக்கிறது. பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

3. இடம்

சமமான, கெட்டியான சிமென்ட் தளம் வேண்டும். பிக்கப்பின் அடிப்பகுதி உயரமானது என்பதால் பெரும்பாலான வண்டிகளில் ஜாக்கி போடாமலே கீழே படுத்து நுழையலாம். முடிந்தால் அப்படியே செய்யுங்கள். செம்மண் தரையில் ஜாக்கி வைத்தால் சுமை ஏற ஏற அது மண்ணுக்குள் இறங்கிச் சாயும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் படுக்கக் கூடாது. தூக்கியே ஆக வேண்டும் என்றால் இரும்பு ஸ்டாண்ட் கொடுங்கள்.

வண்டியின் மூக்கு மேலேயோ கீழேயோ சாய்ந்திருந்தால் ஆயில் முழுக்க இறங்காது, பிறகு ஆயில் அளவு காட்டும் குச்சியில் பார்க்கும் கணக்கும் பொய் சொல்லும்.

பழைய வீடுகளில் முன்வாசலிலோ கார் நிறுத்தும் இடத்திலோ ஆத்தங்குடி டைல்ஸ் போட்டிருந்தால் அங்கே இந்த வேலை வேண்டாம். அது சுடாத சிமென்ட் டைல்ஸ், நுண்துளை உள்ளது. கரி கலந்த ஆயில் ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் தேய்த்தாலும் போகாது. வெறும் சிமென்ட் தரையானாலும் பழைய அட்டைப்பெட்டிகளை விரித்து, ஓரத்தில் ஒரு சட்டி மணல் வைத்துக்கொள்ளுங்கள். சிந்தினால் மணலைக் கொட்டி அள்ளிவிடலாம். தண்ணீர் ஊற்றினால் பரவத்தான் செய்யும்.

கை பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், அடியில் நீங்கள் இருப்பது தெரியாமல் யாராவது ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. கைலியோடு வேலை செய்வதானால் இறுக்கி மடித்துக் கட்டுங்கள். கடைசியில் இன்ஜின் ஓடும்போது ஃபேன் பெல்ட் பக்கத்தில் குனிய வேண்டிவரும், தொங்கும் துணியை அது இழுத்துவிடும்.

4. பழைய அளவு, சூடு, தூசி

இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, திரும்பச் செருகி, பழைய அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் வண்டி ஆயில் எரிக்கிறது அல்லது எங்கோ ஒழுகுகிறது. பிஎஸ்-6 வண்டியில் அளவு மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். டிபிஎஃப் கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசல் தெளிக்கும். அந்த வேலை முடியுமுன் அடிக்கடி வண்டியை அணைத்துவிட்டால் எரியாத டீசல் ஆயிலோடு கலந்துவிடும். ஊருக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் ஓடும் வண்டிகளில் இது அதிகம். குச்சியை மோந்து பார்த்தால் டீசல் நாற்றம் தெரியும்.

பிறகு கியரை நியூட்ரலுக்கு எடுத்து இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், மறுபடி கியரில் போட்டுச் சாவியை எடுத்துவிடுங்கள். சூடான ஆயில் சுலபமாக ஓடும், அடியில் தங்கிய கசடையும் கலக்கிக்கொண்டு வரும். அணைத்தவுடன் திறக்காதீர்கள், கை வெந்துவிடும். கால் மணி நேரம் விட்டு, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சேம்பரைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு என்றால் சரி. லோடு ஓட்டிவிட்டு நேராக வந்த வண்டிக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.

அந்த இடைவேளையில் ஆயில் ஊற்றும் மூடி, பில்டர் தலை, டிரெயின் நட்டு மூன்றையும் சுற்றி ஒட்டியிருக்கும் செம்மண்ணைத் துடைத்தெடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, இந்தப் பக்கத்தில் கட்டாயம் செய்ய வேண்டும். செம்மண் தூசியில் நுண்மணல் இருக்கிறது. துடைக்காமல் மூடியைத் திருகினால் ஒரு சிட்டிகை உள்ளே விழும், புது ஆயிலோடு சேர்ந்து பேரிங்கை அரம்போல் ராவும். முதலில் காய்ந்த பிரஷ், பிறகு டீசல் தொட்ட துணி.

துடைத்த பின் மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி அப்படியே வையுங்கள். மேலே காற்று நுழைய வழியிருந்தால் கீழே ஆயில் விட்டுவிட்டு வராமல் சீராக இறங்கும்.

5. எது சேம்பர் நட்டு?

பின்சக்கரம் இழுக்கும் பிக்கப்பில் இன்ஜினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ் வரிசையாக இருக்கும். அதற்கும் அடியில் ஒரு டிரெயின் நட்டு உண்டு. புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு இங்கேதான். கியர் ஆயிலை இறக்கிவிட்டு, இன்ஜினில் பழைய ஆயிலுக்கு மேலேயே புதிதாக ஆறு லிட்டர் ஊற்றிவிடுவார்கள். இரண்டும் ஒரே நாளில் கெடும்.

முன் அச்சுக்கு அருகே, இன்ஜினின் நேர் அடியில் தொங்கும் தகரத் தொட்டிதான் சேம்பர். ஆயில் குச்சி இறங்கும் குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்தால் அங்கேதான் போய் முடியும். திறந்த பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. டீசல் இன்ஜின் ஆயில் மை போல் கறுப்பாக, தண்ணீர்போல் இளகி வரும். கியர் ஆயில் தடிப்பாக, கந்தக நாற்றத்தோடு வரும். தப்பாகத் திறந்துவிட்டால் வண்டியை நகர்த்தாதீர்கள். கியர் ஆயிலை அளவோடு நிரப்பிய பிறகே மற்றது.

6. இறக்குவது

தொட்டியை நட்டுக்கு நேர் கீழே வைக்காமல், நட்டு பார்க்கும் திசையில் சற்றுத் தள்ளி வையுங்கள். ஸ்பேனரை முழுதாக உட்கார வைத்து, நட்டின் தலையைப் பார்த்தபடி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். மல்லாந்து படுத்திருப்பவருக்கு இடம் வலம் குழம்பும். சந்தேகம் வந்தால் கையில் ஒரு பாட்டில் மூடியைத் தலைகீழாகப் பிடித்துத் திறந்து பார்த்துவிட்டு அதே திசையில் திருப்புங்கள். முனை தேய்ந்த ஸ்பேனரையோ அட்ஜஸ்டபிள் ஸ்பேனரையோ போட்டால் நட்டின் முனை மழுங்கும். அப்புறம் வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

தளர்ந்ததும் ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் திருகுங்கள். திருகும்போதே நட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருங்கள். கடைசி மரை விட்டுவிட்டது என்று விரலுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் நட்டைச் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட்டால் கையில் ஆயில் படாது, நட்டும் தொட்டிக்குள் விழாது.

முதலில் ஆயில் கயிறு மாதிரி கனமாகப் பாயும். அது தள்ளிவந்து விழும் இடம் மெல்ல மெல்ல நட்டுத் துவாரத்துக்கு அடியில் நகரும், தொட்டியையும் கூடவே நகர்த்துங்கள். கயிறு நூலாகும், நூல் அறுந்து சொட்டாகும். சொட்டுச் சொட்டாக வரத் தொடங்கிய பிறகும் இருபது நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டு மூடினால் கசடு நிறைந்த பங்குதான் உள்ளே தங்கும்.

மிச்சத்தைக் கழுவுகிறேன் என்று மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி இன்ஜினை ஓட்டும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அது முழுதும் வெளியே வராது. தங்கியது புது ஆயிலை நீர்க்கச் செய்யும், ஓடும் அந்த இரண்டு நிமிடத்திலும் பேரிங்குக்குச் சரியான ஆயில் படலம் இருக்காது.

7. பழைய ஆயில் சொல்வதைப் படிப்பது

கறுப்பாக இருப்பது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. டீசல் கரியைப் பிடித்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. புது ஆயில் ஊற்றி நூறு கிலோமீட்டர் போவதற்குள்ளும் கறுத்துவிடும், பதற வேண்டாம்.

பார்க்க வேண்டியது நட்டின் முனை. சில நட்டுகளில் காந்தம் இருக்கும், அதில் மாவு போல் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் இயல்பு. விரலில் தட்டுப்படும் சில்லுகளோ தொட்டியில் செம்பு நிற மினுக்கமோ இருந்தால் பேரிங் உதிர்கிறது. ஆயில் காப்பியில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்த இரண்டில் எதைப் பார்த்தாலும் புது ஆயில் ஊற்றி ஓட்டாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

8. நட்டைப் பூட்டுவது

பழைய வாஷரை எடுத்தாயிற்றா என்று பாருங்கள். சில நேரம் அது சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் புதியதைப் போட்டால் ஒழுகும். துவாரத்தைச் சுற்றித் துடைத்து, புது வாஷரோடு நட்டை விரலாலேயே முழுக்க ஏற்றுங்கள். நாலு சுற்று விரலில் வழுக்கிப் போக வேண்டும். பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி வையுங்கள். ஸ்பேனரால் கட்டாயப்படுத்தினால் மரை போய்விடும்.

இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் புத்தகத்தில் உள்ள அளவு. இல்லாவிட்டால் சின்ன ஸ்பேனரை நடுவில் பிடித்து, வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும்வரை இறுக்கி, அதற்குமேல் ஒரு சின்ன அழுத்தம். குழாய் மாட்டி நீட்டி இறுக்குவதும் காலால் மிதிப்பதும் வேண்டாம். அலுமினிய சேம்பரில் மரை ஒருமுறை போனால் புது மரை வெட்டிக் குழல் வைக்க வேண்டும், அல்லது சேம்பரையே மாற்ற வேண்டும். நூல் சுற்றுவதோ டெப்லான் டேப் ஒட்டுவதோ தீர்வு ஆகாது. டேப்பின் துணுக்கு உள்ளே போனால் ஆயில் உறிஞ்சும் சல்லடையில் போய் ஒட்டும்.

9. பில்டர்

நட்டைப் பூட்டிய பிறகே பில்டரைத் தொடுங்கள். தொட்டியை அதற்கு நேராக நகர்த்துங்கள், கழற்றும்போது அரை லிட்டராவது கொட்டும். பில்டர் ரென்ச்சை அடித்தளத்துக்கு அருகே, தகடு கெட்டியாக உள்ள இடத்தில் மாட்டித் திருப்புங்கள். நழுவினால் எமரித் தாளை நடுவில் வைத்துப் பிடியுங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி நெம்புவது கடைசி வழிகூட இல்லை. தகடு கிழிந்து அடித்தட்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் அதைப் பிடிக்கக் கையில் எதுவும் மிஞ்சாது.

கழற்றியவுடன் பழைய பில்டரின் வாயைப் பாருங்கள். ரப்பர் பேக்கிங் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது இன்ஜினில் ஒட்டியிருக்கிறது, கறுப்போடு கறுப்பாகக் கண்ணுக்குத் தெரியாது. விரலை ஒரு சுற்று ஓட்டினால் மேடாகத் தட்டும். அதை எடுக்காமல் புது பில்டரை மாட்டினால் இரண்டு பேக்கிங் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். வாசலில் ஒழுகாது. சாலையில் அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, சில நிமிடத்தில் ஆயில் முழுக்க வெளியே போய்விடும். இந்த ஒரு தப்பில் இன்ஜினே போகும்.

புது பில்டரின் பேக்கிங் விட்டம், மரை, உயரம் மூன்றையும் பழையதோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். இதைக் கடையிலேயே போட்டோ வைத்து ஒருமுறை பார்த்திருந்தால் நல்லது. மேல்நோக்கி வாய் வைத்து மாட்டும் பில்டரானால் முக்கால் பாகம் புது ஆயில் நிரப்பலாம். ஓரத்திலுள்ள சிறு துவாரங்கள் வழியாகவே ஊற்றுங்கள், அப்போதுதான் தாளில் வடிந்து உள்ளே போகும். நடுத்துவாரம் வடிகட்டிய பிறகான வழி, அதில் விழும் தூசி நேராகப் பேரிங்குக்குப் போகும். படுக்கையாக மாட்டும் பில்டர் என்றால் இதை விட்டுவிடுங்கள்.

பேக்கிங்கில் புது ஆயிலை விரலால் தடவுங்கள். காய்ந்த ரப்பர் திருகும்போது முறுக்கிக்கொள்ளும், அடுத்த முறை கழலவும் கழலாது. பேக்கிங் தொட்டதிலிருந்து கையாலேயே முக்கால் சுற்று, அல்லது பில்டர் மேல் அச்சிட்டிருக்கும் அளவு. ரென்ச் கழற்றுவதற்கு மட்டும்.

சில வண்டிகளில் கூடு அப்படியே இருக்க, உள்ளே தாள் பில்டரை மட்டும் மாற்ற வேண்டும். அதில் பெட்டியோடு வரும் ஓ-ரிங்கை அதே பள்ளத்தில் மாற்றுங்கள். பிளாஸ்டிக் மூடியை அளவுக்கு மீறி இறுக்கினால் விரியும்.

10. ஊற்றுவது

கீழே நட்டு பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள். புத்தக அளவில் ஒரு லிட்டர் குறைத்து, புனல் வழியே மெதுவாக. பில்டரில் நிரப்பியதும் கணக்கில் சேரும். பத்து நிமிடம் விட்டுக் குச்சியைப் பாருங்கள். பிறகு கால் கால் லிட்டராக ஏற்றி, மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

"கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே" என்று தோன்றும். கூடினால் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் முங்கிச் சுழன்று மோர் கடைவதுபோல் நுரைக்க வைக்கும். நுரைக்கு அழுத்தம் நிற்காது. இன்னொரு ஆபத்து டீசலுக்கே உரியது. கூடுதல் ஆயில், இன்ஜினின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே காற்றோடு உறிஞ்சப்பட்டால் இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடலாம்.

11. முதல் ஸ்டார்ட்

மூடி பூட்டி, குச்சி செருகி, கியரை நியூட்ரலுக்கு எடுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும், காலி பில்டரானால் சற்றுக் கூட எடுக்கும். பத்து நொடியில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்த பிறகும் ஒரு நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது, மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. படலம் வந்து சேருமுன் முறுக்கினால் முதலில் அடிபடுவது அதுதான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டிக்கு அடியில் நுழையாமல், வெளியே இருந்தே டார்ச் அடித்து நட்டையும் பில்டர் விளிம்பையும் பாருங்கள். அணைத்துப் பத்து நிமிடம் கழித்துக் குச்சி பார்த்தால் அளவு இறங்கியிருக்கும், பில்டர் குடித்த பங்கு அது. நிரப்புங்கள். மறுநாள் காலை வண்டி எடுக்குமுன் அட்டையில் புதுச் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு இன்னொரு முறை.

கிலோமீட்டர், தேதி, ஆயில் தரம் மூன்றையும் எழுதி பானட் உள்பக்கம் ஒட்டுங்கள். டேஷ்போர்டில் சர்வீஸ் நினைவூட்டல் இருந்தால் புத்தகத்தில் உள்ளபடி ரீசெட் செய்யுங்கள். ஏர் பில்டரையும் இதே நாளில் திறந்து பாருங்கள். செம்மண் ஓட்டத்தில் ஆயிலைச் சீக்கிரம் கெடுப்பது பெரும்பாலும் ஓட்டை விழுந்த ஏர் பில்டரும் தளர்ந்த ஹோஸ் கிளிப்பும்தான்.

12. கழிவு ஆயில்

பில்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு ராத்திரி தொட்டியில் வடியவிடுங்கள். பிறகு ஆயிலைப் பழைய கேன்களில் ஊற்றி மூடி, தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலக்காமல், கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். கலப்படமானால் மறுசுத்திகரிப்புக்கு எடுக்க மாட்டார்கள். 2016-ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மை விதிகளில் இது அபாயகரமான கழிவு.

கரையானுக்கு என்று உத்தரத்திலும் கதவிலும் பூசுவது, சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவது, வேலி ஓரம் புல் கருகட்டும் என்று ஊற்றுவது எல்லாம் நடக்கிறது. பயன்படுத்திய ஆயிலில் உலோகத் துகளும், தோலுக்குக் கேடான எரிந்த சேர்மங்களும் சேர்ந்திருக்கும். தேக்குத் தூணில் பூசினால் நாள்தோறும் அதைத் தொடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். தரையில் ஊற்றியது மழைக்கு எங்கே போகும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் வரத்துக்கால் வழியே ஊருணியில் போய்ச் சேரும்படி அமைத்த ஊர்கள் இவை.

புது ஆயில் வந்த காலிக் கேன்களை, கழிவு ஊற்றத் தேவைப்படாதவற்றை, ஆணியால் நாலு இடத்தில் துளைத்து லேபிளைக் கிழித்துவிட்டே பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள். முழுக் கேனாகப் போனால் போலி ஆயில் நிரம்பிக் கடைக்கே திரும்பி வரும்.